ரயில்வே குவார்ட்டர்ஸில் கழிந்த மே மாதங்கள்

ராஜபாளையத்தான்

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் வீட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கிவிடும். என் தாய்மாமா அம்பாசமுத்திரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். 1976 முதல் 1982 வரை என் ஒவ்வொரு மே மாதமும் அவருடைய குவார்ட்டர்ஸில்தான் கழிந்தது. ராஜபாளையத்தில் ஏறித் தென்காசியில் இறங்கி, திருநெல்வேலி வண்டிக்கு மாற வேண்டும். கீழப்புலியூர், பாவூர்சத்திரம், கீழக்கடையம், இரவணசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி என்று பெயர்ப்பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே போவேன். கீழாம்பூர் தாண்டியதும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றுவிடுவேன்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. சென்ற வாரம் என் பேரன், "தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வீடு என்றால் தூங்கவே முடியாதே, தாத்தா?" என்று கேட்டான். அந்த வீட்டை ஆண்டதே தூக்கம்தான் என்பது அவனுக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. மாமாவுக்கு இரவு டியூட்டி வரும் நாட்களில் பகலில் யாரும் சத்தம் போடக்கூடாது. அத்தை ஆட்டுரலைத் தொடமாட்டாள். மாவாட்டுவது, வெங்கலப் பானை துலக்குவது எல்லாம் மாமா எழுந்த பிறகுதான். நாங்கள் பல்லாங்குழி ஆடினால்கூட, குழிகளில் சோழி விழும் ஒலி கேட்காமல் இருக்க ஒவ்வொரு குழியிலும் பழைய வேட்டித் துணியைக் கிழித்து வைத்துத் தருவாள். ஐம்பதடி தள்ளி எஞ்சின் ஊதிக்கொண்டு போகும், மாமா அசையமாட்டார். அடுக்களையில் ஒரு கரண்டி விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் வேலை எனக்குக் கிடைத்தது. தூக்குச்சட்டியில் ரசஞ்சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும். அறைக்குள் வராதே என்று மாமா கையால் காட்டியதால் வாசலிலேயே நின்றேன். உள்ளே கனத்த இரும்புக் கருவிகள் இரண்டு. ஒன்றில் மணி அடித்தது. மாமா போனில் பேசினார், பேரேட்டில் எழுதினார், கருவியின் கைப்பிடியைத் திருப்பினார். கடகடவென்று ஓர் உலோக உருண்டை உருண்டு வந்தது. அதை விளக்கருகே பிடித்து, அதில் பொறித்திருந்ததை உதடசையப் படித்த பிறகே, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனிடம் கொடுத்தார்.

பாயிண்ட்ஸ்மேன் அதைத் தோல்பையில் போட்டு வாரை மாட்டினார். பை ஒரு பெரிய பிரம்பு வளையத்தில் தொங்கியது. பல பேருடைய கை பட்ட இடம் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்து வழவழப்பாக இருந்தது. மற்ற இடங்களில் பிரம்பு சிம்பு சிம்பாக எழும்பியிருந்தது. வளையத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பிளாட்பார விளிம்பில் நின்றார். சரக்கு வண்டி நிற்காமல் வந்தது. எஞ்சின் அடுப்பின் செம்மை அவர் முகத்தில் விழுந்த கணத்தில் மேலிருந்து ஒரு கை நீண்டது. பழைய வளையம் பிளாட்பாரத்தில் விழுந்து உருள, புதிய வளையம் அந்தக் கையின் முழங்கை மடிப்பில் போய் மாட்டியது. மாமா கடைசிப் பெட்டியின் வால்விளக்கைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மணி குறித்தார். வண்டி அடுத்த ஸ்டேஷனைச் சேர்ந்ததற்கான மணி வந்த பிறகுதான் தூக்குச்சட்டியைத் திறந்தார். சோறு ஆறிப் பாளம் கட்டியிருந்தது.

உங்களுக்கும் இப்படி ரயில்வே உறவினர் வீடு இருந்திருந்தால் எழுதுங்கள். "அது ஒரு பொற்காலம்" என்பதோடு நிறுத்திவிடாமல், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். எனக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது. விளக்கறையில் பார்த்தபோது கைகாட்டி சிக்னலின் கண்ணாடிகளில் ஒன்று சிவப்பு, மற்றது நீலம். இரவில் மட்டும் அது பச்சையாகத் தெரிந்தது. எப்படி?

லைன்கிளியர்

முப்பத்தைந்து ஆண்டுகள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். முதலில் கண்ணாடிக் கேள்வி. உள்ளே எரிவது மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சுடர் மஞ்சள். மஞ்சள் ஒளி நீலம் கலந்த கண்ணாடி வழியே வரும்போது கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். பச்சைக் கண்ணாடியே போட்டிருந்தால் தூரத்திலிருந்து வரும் டிரைவருக்கு மஞ்சளடித்துத் தெரிந்திருக்கும். நீங்கள் சிறு வயதில் கவனித்தது சரியான விஷயம்.

நீங்கள் பார்த்த உருண்டையின் பெயர் நீல் பந்து டோக்கன். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் புறப்பட்டுவிடக்கூடாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. இரு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைந்தவை. அடுத்த ஸ்டேஷன்காரர் ஒப்புக்கொண்டால்தான் இங்கே பந்து வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது இரண்டு கருவிகளில் ஒன்றுக்குள் திரும்பப் போகும்வரை அடுத்ததை எடுக்க முடியாது. பந்தைக் கையில் வாங்காமல் டிரைவர் அந்தப் பாதையில் நுழையமாட்டார். பக்கத்துப் பாதையின் பந்து இந்தக் கருவியில் நுழையாதபடி அமைப்பையும் மாற்றியிருப்பார்கள். அப்படியிருந்தும் உங்கள் மாமா படித்துப் பார்த்தாரே, அதுதான் வேலை.

அவர் உங்களை வாசலோடு நிறுத்தியதைக் கடுமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அடுத்த ஸ்டேஷனின் சம்மதம், வாங்கும்போது ஒரு குழந்தையின் பேச்சு காதில் விழுந்தாலும் கவனம் சிதறும். என் மகள் ஐந்து வயதில் அழுதுகொண்டே அறைக்குள் ஓடிவந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி போன பிறகுதான் பார்த்தேன், முழங்காலில் இரத்தம். அவளுக்கு இப்போது நாற்பத்தொன்று. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது.

மாயவரத்தார்

என் சித்தப்பா வண்டியின் கடைசியில் கொடியோடு போகும் ரயில் கார்டு. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப் பாதை ஓடியதே, அதில் பல முறை போயிருக்கிறேன். செம்பனார்கோயில், திருக்கடையூர், பொறையார் தாண்டினால் கடல். 1980களில் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். கார்டு வேனுக்குள் எங்களை ஏற்றமாட்டார். அதற்கு முந்தைய பெட்டியில் உட்கார வைத்துவிட்டு, ஸ்டேஷன் தோறும் இறங்கி வந்து எண்ணிப் பார்ப்பார். மூன்று பேர் இருந்தால் தலையசைப்பு, அவ்வளவுதான். பச்சைக் கொடியை ஆட்டும்போது மட்டும் எங்கள் பக்கம் பார்க்கவே மாட்டார். எஞ்சின் பக்கமே பார்ப்பார். எனக்கு அது பெரிய வருத்தம்.

ஒரு சந்தேகம். ரயில்வே பாஸில் அண்ணன் பிள்ளைகளும் போகலாமா? எங்களுக்கு எப்போதும் அரை டிக்கெட் எடுத்ததாகத்தான் நினைவு.

லைன்கிளியர்

போக முடியாது. பாஸ் மனைவி, மக்கள், சார்ந்து வாழும் விதவைத் தாய் போன்றவர்களுக்குத்தான். அண்ணன் பிள்ளை, அக்காள் பிள்ளை எல்லாம் டிக்கெட் எடுத்தாக வேண்டும். உங்கள் சித்தப்பா சரியாகவே செய்திருக்கிறார்.

கேட்கீப்பர்மகள்

எல்லாவற்றையும் படித்தேன். அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

நீங்கள் எல்லோரும் விடுமுறைக்கு வந்தவர்கள். நாங்கள் அங்கேயே இருந்தவர்கள். என் அப்பா பாவூர்சத்திரம் பக்கத்தில் ஒரு லெவல் கிராசிங்கில் கேட்கீப்பர். ஓர் அறை, ஒரு அடுக்களை, சுற்றிலும் காடு. ஒரு டியூட்டி பன்னிரண்டு மணி நேரம். குடிநீருக்கு ஒரு மைல் நடை. என் தம்பி பிறந்த இரவில் அம்மா வலியால் துடித்துக்கொண்டிருந்தாள். அப்பா இருபதடி தள்ளி கேட்டில் நின்றார். மாற்று ஆள் காலை ஆறு மணிக்குத்தான் வருவார். அதற்குள் இரண்டு வண்டிகள். ஊரிலிருந்து கிழவி ஒருத்தியை மாட்டு வண்டிக்காரர் ஒருவர் கூட்டிவந்து விட்டார். தம்பியின் முதல் அழுகையை அப்பா கை விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார்.

உங்கள் மே மாதம் எங்களுக்கு வேறு மாதிரி. வெயில் ஏற ஏறத் தண்டவாளம் நீளும். இணைப்பில் விட்ட இடைவெளி மூடிக்கொள்ளும். அதற்கு மேலும் நீள இடமில்லாமல் போனால் பக்கவாட்டில் வளைந்துவிடும். அதனால் உச்சி வெயிலில்தான் ரோந்து அதிகம். என் பெரியப்பா கீமேன். தோளில் சுத்தியல், பையில் ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்து வந்தால் டிரைவரை எச்சரிக்கத் தண்டவாளத்தின் மேல் வைக்கும் பட்டாசு. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளில் தளர்ந்தவற்றை அடித்து இறுக்கிக்கொண்டே தன் எல்லை முழுவதும் நடந்து போய்த் திரும்பி வருவார். எங்கள் கேட்டில் உட்கார்ந்து ஒரு செம்பு நீச்சத்தண்ணீர் குடிப்பார். அவர் பாதத்தின் அடித்தோல் ஜல்லிக் கல்லைப் போலவே இருக்கும். சிறுபிள்ளையில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். என் விரல் பட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கரி எஞ்சினும் கைகாட்டியும் பேசும்போது இவர்களையும் பேசுங்கள். இதுதான் நான் கேட்பது.

ராஜபாளையத்தான்

அம்மா, நீங்கள் சொன்னது நியாயம். நான் ஸ்டேஷனை மட்டும் பார்த்தேன். ஸ்டேஷன்களுக்கு நடுவே யார் நடந்தார்கள் என்று ஏழு வருடத்தில் ஒருமுறைகூட மாமாவிடம் கேட்டதில்லை.

ஆனால் ஒன்றை ஏற்க மனமில்லை. வந்து போனவன் பார்த்ததற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. மாமாவின் மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவனுக்குக் குழியில் துணி வைப்பது ஒரு விஷயமே இல்லை; பிறந்ததிலிருந்து அப்படித்தான். எங்கள் வீட்டில் அப்பா பகலெல்லாம் கடையில், இரவெல்லாம் வீட்டில். அதனால்தான் ஒரு மனிதர் பகலில் தூங்குவதற்காக ஒரு குடும்பமே மூச்சடக்குவது என் கண்ணில் பட்டது. ஒரு மே மாதம் முழுவதும் மாமாவும் அத்தையும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதை நான் எண்ணினேன். நான்கு முறை. அதை அவனிடம் சொன்னபோது, "நான்கா? நிறைய ஆயிற்றே" என்றான்.

ஜோலார்ப்பேட்டைப் பேரன்

கேட்கீப்பர் அம்மா எழுதியதைப் படித்த பிறகுதான் எழுதும் துணிவு வந்தது. என் தாத்தா ஜோலார்ப்பேட்டையில் எஞ்சின்கள் நிற்கும் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர், சித்தப்பா அங்கே எஞ்சின் அடுப்பில் கரி போடும் ஃபயர்மேன். கால் பாய் என்று ஒருவர் இருந்ததை இங்கே யாரும் சொல்லவில்லை. எந்த நேரத்தில் யாருக்கு வண்டி என்று ஷெட்டில் முடிவானதும், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார். நள்ளிரவு ஒன்று, இரண்டு, மூன்று, நேரம் காலம் கிடையாது. சித்தப்பா எழுந்து, அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முகம் கழுவப் போவார். சித்தி அதற்குள் அடுப்பு மூட்டியிருப்பாள். கதவு தட்டும் விதத்தை வைத்தே எந்தக் கால் பாய் என்று சொல்லிவிடுவாள்.

1974 மே மாதம் எனக்கு ஒன்பது வயது. விடுமுறைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. மே 8ஆம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை தாங்கிய அந்தப் போராட்டத்தில் நாடு முழுவதும் இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் கலந்துகொண்டார்கள். எஞ்சின் ஓட்டுபவர்களுக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும், போனஸ் வேண்டும் என்பவை முக்கியமான கோரிக்கைகள். அப்போது எனக்கு இவை எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது, இரவில் யாரும் கதவைத் தட்டவில்லை என்பது மட்டும்தான்.

சித்தப்பா வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்கக்கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார். எங்கள் வரிசையில் பல வீடுகளில் ஆண்கள் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பேச்சு வந்ததும், சித்தி பாத்திரங்களைக் கோணிப்பையில் கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். சமைக்க ஒரு பானை, ஒரு கரண்டி மட்டும் வெளியே. மே 27ஆம் தேதி போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. சித்தப்பா தாடியோடு திரும்பி வந்தார். மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ளும்வரை பல மாதங்கள் ஆயின. ரயில்வேக்காரர்களுக்குப் போனஸ் கிடைத்தது 1979இல்தான். அந்தப் பணத்தில் சித்தி முதலில் வாங்கியது ஒரு தையல் மெஷின்.

சித்தி கோணியை அவிழ்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தாள். கடைசி டம்ளரை வைத்த பிறகுதான் அழுதாள்.

அகலப்பாதை

நான் உங்கள் எல்லோரையும்விட வயதில் சிறியவன். செங்கோட்டை வண்டியில் வாரா வாரம் போகிறேன். மீட்டர்கேஜ் என்ற பழைய குறுகிய பாதை போனதற்கு இவ்வளவு வருத்தம் ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. திருநெல்வேலி–தென்காசி பாதை 2012இல் அகலப்பாதையான பிறகுதானே எங்களுக்கு வசதி வந்தது? செங்கோட்டையிலிருந்து மலை ஏறிப் புனலூர் போகும் பாதைக்கு 2010 முதல் 2018 வரை காத்திருந்தோம். இப்போது அந்தப் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் அகலப்பாதை வண்டி போகும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. பழையது போனால் புதியது வந்துதானே ஆக வேண்டும்?

லைன்கிளியர்

தம்பி, அகலப்பாதை வேண்டாம் என்று இங்கே யாரும் எழுதவில்லை. ஒரு மீட்டர் அகலம் 1676 மில்லிமீட்டராக மாறியதால் சென்னையிலிருந்து வரும் பெட்டி நேராக உங்கள் ஊருக்கு வருகிறது. சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. நான் இரண்டிலும் வேலை செய்தவன். வண்ண விளக்கு சிக்னல் வந்த பிறகு ஏணியில் ஏறி விளக்கு வைத்த பாயிண்ட்ஸ்மேன்களின் முழங்கால் வலி போயிற்று. மழையில் நனைந்த ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தவரை நானே தூக்கியிருக்கிறேன். அந்த வேலை போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். பெரிய ஸ்டேஷன்களைப் புதுப்பித்தபோது வரிசை வரிசையாக இருந்த குவார்ட்டர்ஸ் பல இடிந்து கிடக்கின்றன. ஒரே வரிசையில் ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க், பாயிண்ட்ஸ்மேன் பிள்ளைகள் ஒரு குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாதி, சில வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் மலையாளம். அந்தக் காலனிகளில் எல்லாம் சமமாக இருந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். குவார்ட்டர்ஸின் அளவிலேயே பதவி தெரியும். ஆனாலும் என் மகள் மலையாளம் கற்றது பக்கத்து வீட்டுத் திண்ணையில்தான்.

கேட்கீப்பர்மகள்

ராஜபாளையத்தாருக்கு: நீங்கள் நான்கு முறை என்று எண்ணியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதில்லை. உங்கள் மாமா மகன் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். வந்து போனவர்களுக்குத் தெரிவதும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் எண்ணியது வேறு. சரக்கு வண்டி வந்தால் தம்பி பெட்டிகளை எண்ணிச் சுவரில் கரியால் எழுதுவான். பயணி வண்டி வந்தால் நான் கை காட்டி, திரும்பக் கை காட்டியவர்களை எண்ணுவேன். மே மாதத்தில்தான் கணக்கு கூடும், ஜன்னலெல்லாம் பிள்ளைகள். ஒருமுறை பதினேழு பேர். மற்ற மாதங்களில் இரண்டு, மூன்று. பள்ளிக்கூடம் திறந்த பிறகு வரும் முதல் வண்டியில் யாருமே கை காட்டமாட்டார்கள். அன்று தம்பியோடு காரணமில்லாமல் சண்டை போடுவேன். எங்கள் வீட்டுக்கு விருந்தாடி யாரும் வந்ததில்லை. வந்தால் படுக்க இடமில்லை.

ராஜபாளையத்தான்

அம்மா, நீங்கள் இருந்தது எந்த வருடங்கள்? தென்காசியில் மாறி உட்காரும்போது அம்மா எங்களை எப்போதும் வலப்பக்க ஜன்னலில்தான் உட்கார வைப்பாள், மலை தெரியும் என்று. பெயர்ப்பலகை படிக்காத நேரமெல்லாம் நான் கேட்டுகளில் நிற்பவர்களுக்குக் கை காட்டிக்கொண்டேதான் வருவேன். உங்கள் கேட் வீடு எந்தப் பக்கம்?

கேட்கீப்பர்மகள்

1975 முதல் 1981 வரை. அதன் பிறகு அப்பாவுக்கு மாற்றல் வந்துவிட்டது.

மலைப் பக்கம்தான். வாசலில் ஒரு முருங்கை மரம், அதன் அடியில் துணி துவைக்கும் கல். தம்பி சின்னவன், எட்டாது. அவனை அந்தக் கல்லின் மேல் ஏற்றிவிட்டு நான் கீழே நிற்பேன்.